ஒரு கிலோ ட்ரைபாடும் கன்னியாகுமரிக் காற்றும்

“வெறும் ஒரு கிலோ சார். தண்ணீர் பாட்டில் மாதிரி பையில் சொருகிக்கொண்டு போகலாம்” என்றார் கடைக்காரர். சொருகிக்கொண்டுதான் போனேன், கன்னியாகுமரி வரைக்கும். கேமராவைத் தாங்கும் முக்காலிதானே ட்ரைபாடு, அதற்கு இருப்பதே ஒரு வேலைதான்: ஆடாமல் நிற்பது. அதைத்தான் இது செய்ய மாட்டேன் என்கிறது.

விடியுமுன் கடற்கரையில், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸைப் போட்டு 8 விநாடி எக்ஸ்போஷர், அதாவது அத்தனை நேரமும் கேமரா துளியும் அசையக் கூடாது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், 133 அடி வள்ளுவரை ஒட்டி இன்னொரு வள்ளுவர் நிழலாக நிற்கிறார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். நான் போனது மாசியில் ஐயா!

ஆடாமல் என்ன செய்யும்? மடக்கினால் ஒரு முழத்துக்குள் அடங்க வேண்டுமாம், அதற்காகக் காலை ஐந்து துண்டாக்கியிருக்கிறார்கள். கடைசித் துண்டு என் சுண்டுவிரல் தடிமன்தான். காலுக்கு 4 பூட்டு, மொத்தம் 12. இருட்டில் அத்தனையையும் திருகி முடிப்பதற்குள் கிழக்கு வெளுத்துவிடுகிறது. மணல் புகுந்த பூட்டைத் திருகும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், பல் கூசும். இவ்வளவு இழுத்தும் கேமரா என் நெஞ்சு உயரத்துக்குத்தான் வருகிறது. நடுத்தண்டை உயர்த்தினால் கண்ணுக்கு எட்டும். ஆனால் அப்புறம் அது ட்ரைபாடா? ஒற்றைக் குச்சியின் உச்சியில் ஒன்றரைக் கிலோ லென்ஸ்!

அடியில் கொக்கி இருக்கிறதே, கனம் சேர்ந்தால் ஆடாது என்று பையை மாட்டினேன். பை காற்றில் ஊஞ்சலாடியது, ட்ரைபாடும் கூடவே ஆடியது.

கேமராவைப் பூட்டித் திருப்புகிற அந்தத் தலை இன்னும் மோசம். ஃபிரேம் பார்த்து, இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால், பஸ்ஸில் தூங்கி விழுகிறவர் மாதிரி லென்ஸ் மெல்லக் கவிழ்கிறது. பெட்டியில் ‘8 கிலோ தாங்கும்’ என்று போட்டிருக்கிறது. உடையாமல் தாங்கும், சரி. அசையாமல் தாங்குமா? அந்த எண்ணை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான முறையே கிடையாது. ஆளாளுக்கு ஒரு கணக்கு. போனுக்கும் சின்ன லென்ஸுக்கும் இது போதும், ஒத்துக்கொள்கிறேன். அதையாவது பெட்டியில் எழுதித் தொலைக்கலாம் இல்லையா?

கடைசியில் துவாலையை மடித்துக் கைப்பிடிச்சுவரில் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்து எடுத்தேன். தேறியது அந்த ஒரு படம்தான். அதற்குள் சூரியன் வந்துவிட்டது.

கனமாக இருக்கிறது என்று என் பழைய மூன்றரைக் கிலோ அலுமினிய ட்ரைபாடை விற்க விளம்பரம் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. நல்லவேளை, இன்னும் யாரும் கேட்கவில்லை. ஊருக்குப் போனதும் முதல் வேலை அந்த விளம்பரத்தை எடுப்பது.