படப்பு நகர்ந்தால் பத்தாம் வகுப்பு

(மேலூர்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஒரு வைக்கோல் படப்பு. அதன் நிழலில் ஒரு எருமை. மாமா கையில் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டு. மாப்பிள்ளை கையில் கறவைச் செம்பு.)

மாமா: என்ன மாப்பிள்ளை, போன வெள்ளிக்கிழமையே எடுத்துவிடுகிறேன் என்றாய். படப்பு ஒரு முழம் வளர்ந்திருக்கிறது!

மாப்பிள்ளை: அறுப்பு முடிந்தால் வளரத்தானே செய்யும் மாமா.

மாமா: பள்ளிக்கூடம் வளர வேண்டாமா? எட்டாவதோடு நிற்பது நடுநிலை. பத்தாவது வரை வந்தால் உயர்நிலை. அதற்கு வகுப்பறை கட்ட இந்த இடம் வேணும்.

மாப்பிள்ளை: ஏன், எட்டாவதோடு நிறுத்தித்தானே நான் இந்த அளவுக்கு வந்திருக்கிறேன்?

மாமா: அதைத்தான் தீர்மானத்தில் முதல் காரணமாக எழுதியிருக்கிறேன்.

மாப்பிள்ளை: என் பெயரைப் போட்டா?

மாமா: 'சில பெற்றோர்' என்று போட்டேன். சொந்தம் விட்டுப் போகக் கூடாது பார்.

மாப்பிள்ளை: சரி, உயர்நிலை ஆனால் காலைச் சாப்பாடு பெரிய பிள்ளைகளுக்கும் கிடைக்குமா?

மாமா: அது ஒன்றிலிருந்து அஞ்சு வரைக்கும்தான். 2022 செப்டம்பர் 15-இல் நம்ம மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தானே முதல்வர் தொடங்கி வைத்தார். ஆறாவதிலிருந்து மதியச் சாப்பாடு மட்டும். முட்டை உண்டு.

மாப்பிள்ளை: சின்னவன் அதற்குத்தான் மல்லுக்கு நிற்கிறான். 'பாஸ் ஆனதுக்குப் பொங்கலைப் பிடுங்குவார்களா? நான் அஞ்சாவதிலேயே இருந்துகொள்கிறேன்' என்கிறான்.

மாமா: முடியாது. எட்டாவது வரை நம்ம மாநிலத்தில் ஃபெயிலே கிடையாது. அவன் நினைத்தாலும் உட்கார முடியாது. உன் மகள் என்ன செய்யப் போகிறாள்? எட்டாவது முடிக்கப் போகிறாளே.

மாப்பிள்ளை: ஒத்தக்கடைக்கு பஸ்ஸில் போக வேண்டியதுதான். பாஸ் இலவசம்.

மாமா: பாஸ் இலவசம் சரி, பஸ் வருகிறதா?

மாப்பிள்ளை: அது... வருகிற அன்றைக்கு வரும். இல்லையென்றால் மெட்ரிக் பள்ளி வேன் வாசலுக்கே வருகிறது.

மாமா: மெட்ரிக்கில் போட்டால் காலேஜில் மாதம் ஆயிரம் ரூபாய் போச்சு. புதுமைப்பெண் திட்டத்துக்கு ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேணும்.

(ஆயிரம் என்றதும் மாப்பிள்ளை செம்பைக் கீழே வைக்கிறார். மாமா விடவில்லை.)

மாமா: கொடிக்குளத்தைப் பார். கூப்பிடு தூரம்தானே? அங்கேயும் நடுநிலைப் பள்ளிதான் இருந்தது. வங்கியில் வேலை பார்க்கும் ஆயி அம்மாள், இறந்துபோன மகள் நினைவாக, உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் வர ஒரு ஏக்கர் 52 சென்ட் எழுதிக் கொடுத்தார். ஏழு கோடி பெறுமாம். 2024 குடியரசு தினத்தில் முதல்வர் சிறப்பு விருதே கொடுத்தார். நீ ரெண்டு சென்ட் விட மாட்டேன் என்கிறாய்!

மாப்பிள்ளை: அந்தம்மாவைக் கையெடுத்துக் கும்பிடணும் மாமா. ஆனால் அவர் கொடுத்தது சொந்த நிலம். இது பள்ளிக்கூட நிலம். இதை நான் எப்படிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது?

(மாமா வாயைத் திறந்து, மூடுகிறார். பதில் இருக்கிறது என்று தெரிகிறது, எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.)

மாமா: கொடுக்க வேண்டாமப்பா, விட்டால் போதும். எருமையை வீட்டு வாசலில் கட்டினால் ஆகாதா?

மாப்பிள்ளை: கறக்காது மாமா.

மாமா: என்னது?

மாப்பிள்ளை: நாலு பத்துக்கு வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் லாங் பெல் அடிப்பார்களே, பிள்ளைகள் 'ஹே' என்று ஓடி வருமே, அதைக் கேட்டால்தான் சுரப்பு விடும். மே மாதம் முழுக்க ஒரு லிட்டர் குறைச்சல். 2020-இல் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது என் வீட்டுக்காரி கரண்டியால் தட்டு அடித்துப் பார்த்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மார்ச் 22 சாயங்காலம் நாடே தட்டு அடித்ததே, அன்றைக்கு மட்டும் மூணு லிட்டர்.

மாமா: (நோட்டைப் பார்த்து) இதை எந்தக் காரணத்தில் எழுதுவது...

மாப்பிள்ளை: ஆமாம், பத்தாவது வந்தால் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பார்களா?

மாமா: பொதுத்தேர்வு இருக்கிறதே! காலையில் எட்டு மணிக்கு, சாயங்காலம் ஆறு வரைக்கும். சனிக்கிழமையும் உண்டு.

மாப்பிள்ளை: அதற்கெல்லாம் தனித்தனியா பெல் அடிப்பார்களா?

மாமா: அடிக்காமல்?

மாப்பிள்ளை: (விரல் விட்டு எண்ணுகிறார்) காலை ஒன்று, மாலை ஒன்று, சனிக்கிழமை... மாமா, எழுதுங்கள் தீர்மானத்தை! நாளைக் காலையில் படப்பு இங்கே இருக்காது.

மாமா: அப்படிச் சொல்லு! எங்கே கொண்டுபோகிறாய்?

மாப்பிள்ளை: பெல் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிற காலி இடம் ஒன்றுதான். உங்கள் களம்.

மாமா: என் களமா? அது என் சொந்த இடம்ப்பா!

மாப்பிள்ளை: அதுதான் மாமா, கொடுக்கிற மாதிரி இருக்கும்.

(மாமா பேனாவை எடுத்து, அன்றைய தேதியின் கீழே 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது' என்று எழுதுகிறார். லாங் பெல் அடிக்கிறது. எருமை சுரப்பு விடுகிறது.)