ஐடிஐ போனால் படிப்பு முடிந்துவிடாது

'பத்தாவதோடு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) சேர்த்தால் மேற்படிப்புக் கதவு மூடிவிடும், அரசு உதவித்தொகையும் காலேஜ் பிள்ளைகளுக்குத்தான்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இதை நம்பி யாரும் பிள்ளையின் விருப்பத்தைத் தடுத்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் பத்தாவது முடித்து இரண்டு வருட ஐடிஐ படித்தவர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்ததும் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டுதான். ஃபிட்டராகத் தொடங்கிய பையன் இன்ஜினியராக முடியும், நடுவில் கையில் ஒரு தொழிலும் இருக்கும். ஒரு வருடப் பிரிவுகளுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை விஷயம்: பெண் பிள்ளைகளுக்கான புதுமைப்பெண் (2022), ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஐடிஐ, டிப்ளமோ மாணவர்களுக்கும் உண்டு. 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும்.

அப்புறம், 'பழைய லேத் மெஷின்தான் இருக்கும்' என்ற பேச்சு. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து அரசு புதுப்பித்திருக்கிறது. ரோபோட்டிக்ஸ், சிஎன்சி (கணினியால் இயங்கும் மெஷின்) எல்லாம் அங்கே சொல்லித்தருகிறார்கள். ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

தனியார் ஐடிஐ என்றால் மட்டும், அந்தப் பிரிவுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சி கவுன்சில்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.