எங்களை "சிஸ்டர்" என்று அழைக்காதீர்கள்

கும்பகோணத்தில் சர்க்கரை நோய்ச் சிறப்பு மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில், புறநோயாளர் பிரிவில், பதினான்கு ஆண்டுகளாக உதவியாளராக வேலை பார்க்கிறேன். காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு டோக்கன் போடுவதிலிருந்து, எடை, ரத்த அழுத்தம், பாதப் பரிசோதனை, இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பது, போன் எடுப்பது, கடைசியில் ஃபைல்களை எண் வரிசைப்படி அடுக்குவது வரை எல்லாம் என் வேலைதான். வருகிறவர்கள் அனைவரும் என்னை "சிஸ்டர்" என்று அழைக்கிறார்கள். நான் சிஸ்டர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மாடிக்கட்டடம் ஒன்றில் நடந்த தனியார் வகுப்பில் ஓராண்டுச் சான்றிதழ் வாங்கியவள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. பல ஆண்டுகள் சொல்லாமல் இருந்துவிட்டதால் நடந்த ஒரு காரியத்தை எழுதத்தான் கை தயங்குகிறது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டு அது. வலங்கைமான் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா, திருச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், மாலையில் போன் செய்தார். "சிஸ்டர், இங்க மருந்துக்கடையில அதே மருந்துதான் குடுத்திருக்காங்க, ஆனா குப்பி சின்னதா இருக்கு. அதே இருபது யூனிட்தானே?" என்று கேட்டார். பெயரைப் படிக்கச் சொன்னேன். பெயர் சரியாக இருந்தது. "ஆமாம்மா, அதே இருபதுதான்" என்று சொல்லிவிட்டு, முன்னால் நின்றவரின் ஃபைலைத் தேடப் போய்விட்டேன்.

நம் ஊரில் பத்து மில்லி குப்பியில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வலிமை உள்ளது. அதற்கென்று இருப்பது சிவப்பு மூடி போட்ட ஊசி. பேனா வடிவில் வரும் இன்சுலின் ஊசியில் பொருத்தும் சிறிய மூன்று மில்லி குப்பியில் ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கும். அந்த அம்மாவிடம் பேனா இல்லை. சின்னக் குப்பியிலிருந்து தன் பழைய சிவப்பு மூடி ஊசியால், இருபதாம் கோடு வரை மருந்தை இழுத்துப் போட்டுக்கொண்டார். கோடு இருபது, உடம்புக்குள் போனது ஐம்பது யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. நள்ளிரவுக்குப் பின் வியர்த்துக் கொட்டி நினைவு தப்பியிருக்கிறார். மகள் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய், குளுக்கோஸ் ஏற்றி, பிழைத்துக்கொண்டார்.

நான் சொன்ன பதில் தவறா என்று கேட்டால், சீட்டில் இருபது யூனிட் என்றுதான் இருந்தது. ஆனால் "எந்த ஊசியில் இழுக்கப் போகிறீர்கள்?" என்று திரும்பக் கேட்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்றாண்டுகளோ நான்காண்டுகளோ செவிலியம் படித்து, செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்த ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். அந்த அம்மாவும் படித்த ஒரு சிஸ்டரிடம் கேட்டுத் தெளிந்துவிட்டதாக நம்பித்தான் ஊசியைப் போட்டுக்கொண்டார். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "இனிமேல் போன்ல எதுவும் சொல்லாதே" என்றார். போனை எடுக்க வேறு ஆள் மட்டும் இன்று வரை போடப்படவில்லை.

அதன் பிறகுதான் எங்கள் வேலையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அந்தக் காலத்தில் டாக்டர் வீட்டுத் திண்ணையில் மருந்து கலந்து கொடுத்தவருக்குக் கம்பவுண்டர் என்று ஒரு பெயர் இருந்தது. மாத்திரைகள் அட்டையில் அடைபட்டு வரத் தொடங்கியதும் அந்த வேலையும் பெயரும் சேர்ந்தே போய்விட்டன. பெயர் இல்லாத அந்த இடத்தில் எங்களை நிறுத்தி, வெள்ளைக் கோட்டு மாட்டி, வேறொருவரின் பெயரை இரவல் கொடுத்திருக்கிறார்கள். இரவல் பெயரால் எனக்குத் தகுதிக்கு மீறிய மரியாதை கிடைக்கிறது. ஆனால் நான் உண்மையிலேயே செய்கிற வேலைக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

அந்த வேலை என்ன என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரத்த அழுத்தம் பார்ப்பது என்றால் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முறைப்படி பார்ப்பதென்றால் நோயாளி ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். கை நெஞ்சின் மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அளக்கும்போது பேசக் கூடாது. முந்தைய அரை மணி நேரத்தில் காபி குடித்திருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைக் கும்பகோணத்தில் எப்படி நிறைவேற்றுவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கை பருமனானவருக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். எங்களிடம் பல ஆண்டுகள் ஒரே அளவுப் பட்டைதான் இருந்தது. எண்பது டோக்கன் காத்திருக்கும் காலையில், படியேறி மூச்சு வாங்க வந்தவரை உடனே உட்கார வைத்து, அவர் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அளந்து எழுதிய எண்கள் எத்தனையோ. அந்த எண்ணை வைத்துத்தான் உள்ளே மாத்திரை கூடுகிறது, குறைகிறது. நான் எழுதிய எல்லா எண்களையும் நானே நம்பமாட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தலைசுற்றல் என்று சொல்லும் முதியவர்களை உட்கார வைத்தும் பிறகு நிற்க வைத்தும் அளக்க வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் அழுத்தத்தின் மேல் அளவு இருபதோ அதற்கு மேலோ இறங்கினால், சர்க்கரை நோய் நரம்புகளைத் தொட்டிருக்கலாம். இதைக் கற்றுக்கொடுத்தது நான் படித்த சான்றிதழ் வகுப்பு அல்ல. ஒரு மாதம் மட்டும் எங்களிடம் வேலை பார்த்துவிட்டுப் போன ஓர் இளம் மருத்துவர்.

பாதப் பரிசோதனை இன்னும் நுட்பமானது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களை நான் தொட, நோயாளி கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது, தெரியல" என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரைச் சுற்றி நவக்கிரகக் கோயில்கள் இருக்கின்றன. பங்குனி, சித்திரை உச்சிவெயிலில் கல் பதித்த பிராகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு. திருநாகேஸ்வரம் போய்விட்டு நேரே எங்களிடம் வந்த ஓர் ஐயாவின் இரண்டு உள்ளங்காலிலும் நீர் கோத்திருந்தது. "கால் சுடலியாய்யா?" என்று கேட்டேன். "இல்லையே, எல்லாரும் குதிச்சுக் குதிச்சுப் போனாங்க, நான் நிதானமாத்தான் நடந்தேன்" என்று பெருமையாகச் சொன்னார். அவருக்கு நைலான் இழை எங்கே பட்டதும் தெரியவில்லை. வழக்கமான மாத்திரைச் சீட்டு வாங்கத்தான் அன்று வந்திருந்தார். எடை பார்க்கும் மேடையில் ஏறச் செருப்பைக் கழற்றியதால்தான் அந்தக் காலை நான் பார்த்தேன்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், எங்கள் அறையில் மனிதர்கள் உண்மையைச் சொல்கிறார்கள் என்பது. டாக்டரிடம் "ஒழுங்காப் போடுறேன் சார்" என்று சொல்லப் போகிறவர், பட்டை சுற்றும்போது என்னிடம், மாத்திரை வாங்கப் பணமில்லாமல் இருபது நாளாக ஒரு வேளைதான் போடுவதாகச் சொல்லிவிடுவார். யாரோ கொடுத்த சூரணத்தை நம்பி இன்சுலினை நிறுத்தியவர் உண்டு. வயிற்றில் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஊசி குத்தி, அங்கே கட்டிதட்டிப் போய், மருந்து சரியாக உறிஞ்சப்படாமல், அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போனவர்களும் உண்டு. சேலையை விலக்கிக் காட்ட டாக்டரிடம் கூச்சப்பட்டவர்கள் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் பென்சிலால் ஃபைலின் ஓரத்தில் எழுதுகிறேன். ஓரத்தில் எழுதக் காரணம், ஃபைலில் எனக்கென்று கட்டம் கிடையாது. எடைக்குக் கட்டம் உண்டு, அழுத்தத்துக்கு உண்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிக்கு உண்டு. உதவியாளர் கேட்டறிந்ததற்கு இல்லை. கூட்டம் குறைந்த நாளில் டாக்டர் ஓரத்தைப் பார்க்கிறார். கூட்டமான நாளில் பக்கம் புரண்டுவிடுகிறது.

2021-ல் ஒன்றிய அரசு, இணை மருத்துவப் பணியாளர்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இணை மருத்துவப் பணியாளர் எனப்படுவதற்கு அந்தச் சட்டம் கேட்பது, குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு. நான் படித்த ஓராண்டை ஒருநாள் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஞாயிறு, பண்டிகை, ஆசிரியர் வராத நாட்கள் எல்லாம் கழித்தால் அறுநூறு மணி நேரம்கூடத் தேறவில்லை. சட்டத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை; அது கேட்பது நியாயம். ஆனால் சட்டத்துக்கு வெளியே நிற்கும் என்னைப் போன்ற பெண்கள்தான் ஊர் ஊராக, கிளினிக் கிளினிக்காக, அழுத்தம் பார்த்தும் ஊசி கற்றுக்கொடுத்தும் வருகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அத்தனை பேருக்கும் படித்த செவிலியர் கிடைக்கும்வரை கிளினிக்குகள் காத்திருக்கப்போவதில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போகும் பெண்களுக்கு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் என்று ஒரு பெயராவது இருக்கிறது. யாரும் அவர்களை வேறொருவராக எண்ணி ஏமாறுவதில்லை.

"பேருல என்ன இருக்கு? சிஸ்டர்னு கூப்பிட்டா நோயாளிக்கு ஒரு தைரியம்" என்பது எங்கள் கிளினிக்கில் பொதுவான கருத்து. அந்தத் தைரியம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. என் பள்ளித் தோழி ஒருத்தி செவிலியம் படித்து, இரவுப் பணி பார்த்து, தேர்வு எழுதி, பதிவெண் வாங்கியவள். எங்கள் இருவரையும் ஒரே சொல்லால் அழைப்பது அவளுடைய படிப்பை மலிவாக்குகிறது. சம்பளம் குறைவாகக் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் தாராளமாகக் கொடுப்பதில் முதலாளிக்கு ஒரு வசதி இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் 3,500 ரூபாயில் சேர்ந்தேன். இப்போது 13,000. (கடைகளில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 2021-ல் தமிழகத்தில் சட்டத்திருத்தம் வந்தபோது நானும் மகிழ்ந்தேன். எங்கள் அறையில் உள்ள ஒரே முக்காலி இன்னும் நோயாளிக்குத்தான்.)

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. சட்டையில் குத்தும் அட்டையில் "மருத்துவ உதவியாளர்" என்று தமிழில் எழுதுங்கள். ஃபைலில் எங்களுக்கு நான்கு வரிக் கட்டம் ஒன்று கொடுங்கள். அதைப் படித்ததற்கு அடையாளமாக டாக்டர் ஒரு கோடு போடட்டும். மருந்தின் அளவு பற்றிய கேள்வி போனில் வந்தால் யாரிடம் இணைக்க வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வேலையில் இருக்கும் எங்களுக்கு, சம்பளம் பிடிக்காமல், மீதி மணி நேரங்களைப் படித்து முடிக்க ஒரு வழி செய்யுங்கள். எனக்கு முப்பத்தாறு வயது. இன்னும் படிக்க முடியும்.

எழுதி ஒட்டும்வரை காத்திருக்காமல், போன மாதம் முதல் போனை எடுத்தவுடன் "உதவியாளர் பேசுறேங்க, நான் நர்ஸ் இல்லை" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். ஊசி பற்றிக் கேட்டால், மூடியின் நிறத்தையும் குப்பியில் எழுதியுள்ள எண்ணையும் படிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டு, டாக்டரிடம் கேட்டுத் திரும்ப அழைக்கிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். சென்ற வாரம் பாபநாசத்திலிருந்து பேசிய ஒருவர், "அப்படின்னா சிஸ்டரைக் கூப்பிடும்மா, அவங்ககிட்டயே கேட்டுக்கிறேன்" என்றார். எங்கள் கிளினிக்கில் சிஸ்டர் என்று யாருமே இல்லை என்பதை, பதினான்கு ஆண்டுகளில் முதல்முறையாக, ஒரு நோயாளியிடம் சொன்னேன்.