அடையாள அட்டையில் அந்த ஒரு வரி

சிங்கப்பூர் அடையாள அட்டையில் 'இனம்' என்ற வரி இனித் தேவையில்லை என்பது என் கட்சி. முதலிலேயே சொல்லிவிட்டேன். திட்ட நினைப்பவர்கள் முழுதும் படித்துவிட்டுத் திட்டலாம்.

இனமாவது ஒன்றாவது, எல்லோரும் மனிதர்கள்தானே என்று பேச நான் வரவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் இங்கே வாடகைக்கு வீடு தேடி அலைந்திருக்க மாட்டார்கள். பெயரைச் சொன்னதும் "ஓனரிடம் கேட்டுவிட்டு அழைக்கிறேன்" என்று வைக்கிற ஏஜெண்டு அப்புறம் அழைக்கவே மாட்டார். அது பெயரையும் நிறத்தையும் பார்த்து நடப்பது, அட்டையைப் பார்த்து அல்ல. நான் பேசுவது பிறந்த குழந்தைக்கு அரசாங்கம் ஒட்டிவிடும் சீட்டைப் பற்றி.

சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். நாலே பெட்டி. 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, நாம் 9. அட்டையில் சிலருக்கு 'சீக்கியர்', 'சிலோனிஸ்' என்று தனியாகவே இருக்கும். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் எல்லோரும் 'இந்தியர்' பெட்டிக்குள்தான்.

அந்தப் பெட்டி எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டுமா? சம்பளச் சீட்டை எடுங்கள். மசேநி (மத்திய சேமநிதி) பிடித்தத்துக்குப் பக்கத்தில் சிண்டா என்று ஒரு தொகை இருக்கும்; சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குப் போகும் பணம் அது. மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் 7,500 வரை வாங்குகிறவருக்கு 9 வெள்ளி. யார் யார் தர வேண்டும்? இந்தியத் துணைக்கண்டத்தில் வேர் உள்ள எல்லோரும்: தமிழர், மலையாளி, சீக்கியர், பார்சி, பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சிங்களவரும்கூட. யாழ்ப்பாணத்துக்காரரும் கொழும்புச் சிங்களவரும் இந்த ஊருக்கு வந்து நிரந்தரவாசியானால் இருவர் சம்பளத்திலும் ஒரே நிதிக்குப் பிடிப்பார்கள். இலங்கையில் எந்தப் பேச்சுவார்த்தையும் செய்யாததை இங்கே ஒரு சம்பளச் சீட்டு செய்துவிட்டது என்று சிரித்துக்கொள்ளலாம். சிண்டாவை நான் குறை சொல்லவில்லை. 1991இலிருந்து எத்தனையோ வசதியற்ற பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு நடத்துகிறது. வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம், யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். 'இந்தியர்' பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடம் தமிழ். மறுத்தால் இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது என்று ஐந்து மொழிகள் உண்டு. மலையாளமும் தெலுங்கும் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் மலையாளம் பேசிக்கொண்டு பள்ளியில் திருக்குறள் ஒப்பிக்கிற பிள்ளையை நம்மில் பலருக்குத் தெரியும். நன்றாகவே ஒப்பிக்கும்.

இதுவரை சொன்னதில் பெரிய வலி இல்லை. வலி வீடு விற்கும்போது தெரியும்.

1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டைகளில் ஒரே இனத்தார் ஓரிடத்தில் குவியக்கூடாது என்பது நோக்கம். 1964 கலவரங்களைக் கண்ட ஊர் அப்படி யோசித்ததில் தப்பே இல்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு மலாய் மாமிக்கு முறுக்கு போவதும், பெருநாளுக்கு அங்கிருந்து ரெண்டாங் வருவதும் அந்தக் கொள்கையின் புண்ணியமாகவும் இருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்தியருக்கும் மற்றவருக்கும் சேர்த்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரைதான், பேட்டையில் 12. 2010க்கு முன் அதுவும் 13, 10. ஒரு புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அங்கே வீடு வாங்க நினைக்கும் சீனர், இன்னொரு சீனரிடமிருந்துதான் வாங்க முடியும். அதே மாடியில் வீட்டை விற்க நிற்கும் இந்தியர் ஊரின் முக்கால்வாசிப் பேருக்கு விற்க முடியாது. மிச்சமிருக்கும் கால்வாசிக்குள் ஆள் தேடி, கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். எதிர்வீட்டுச் சீனருக்கு அந்தத் தொல்லை இல்லை. இப்படி மாட்டிக்கொண்டவர்களில் தகுதியுள்ளோரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. ஊர் ஒற்றுமைக்கான செலவைப் பெரும்பாலும் சிறுபான்மை விற்பனையாளர் தலையில் கட்டியது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை.

கலப்புக் குடும்பங்களுக்கு இன்னொரு வேடிக்கை. 2011இலிருந்து பிள்ளைக்கு இரட்டை இனம் போட்டுக்கொள்ளலாம், இந்தியர்-சீனர் என்று. நல்லதுதான். ஆனால் வீடு என்று வந்தால் முதலில் எழுதியிருக்கும் இனம் மட்டுமே செல்லும். அம்மா பின்னால் இருந்தால் அம்மா இல்லை.

இத்தனைக்கும் கலப்பு இந்த ஊருக்குப் புதுசில்லை. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் மலாய்ப் பெண்களை மணந்து உருவான சமூகத்தை ஜாவி பெரானாக்கான் என்றே தனியாக அழைத்தார்கள். அந்தப் பெயரிலேயே 1876இல் இங்கே ஒரு மலாய்ப் பத்திரிகை நடந்தது. அந்தப் பெயர் இன்றைய நாலு பெட்டியில் எதிலும் இல்லை. அதனால்தான் 2017இல் ஹலிமா யாக்கோப் அதிபரானபோது அத்தனை கேலி. தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது, அவருடைய தந்தையோ இந்திய முஸ்லிம், தாய் மலாய்க்காரர். அப்போது பலர் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அரசியல் சட்டம் அங்கே அட்டையைக் கேட்கவில்லை. நீங்கள் உங்களை அந்தச் சமூகத்தவராகக் கருதுகிறீர்களா, சமூகமும் உங்களைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறதா என்றுதான் கேட்டது. ஒரு குழு உட்கார்ந்து சான்றிதழ் தந்தது. பல வேட்பாளர் ஓர் அணியாக நிற்கும் குழுத்தொகுதிகளில், அணியில் இருக்க வேண்டிய சிறுபான்மை வேட்பாளருக்கும் அதேபோல் குழுதான். நாட்டின் அதிபர் யார் என்பதற்கே ஆளைக் கேட்டால் போதும், மூன்றறை வீட்டை விற்க மட்டும் பிறப்புச் சான்றிதழில் முதலில் எழுதிய சொல் வேண்டுமா?

2023இல் தர்மன் சண்முகரத்னம், எந்தச் சமூகத்துக்கும் ஒதுக்கப்படாத அதிபர் தேர்தலிலேயே 70.4 விழுக்காடு வாங்கி வென்றார். இலங்கைத் தமிழ் வழியில் வந்தவர். இந்திய ஊடகங்களில் பல, 'இந்திய வம்சாவளி' என்று தலைப்புப் போட்டுக் கொண்டாடின. ஆளாளுக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், என்ன செய்வது.

இதை நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் உடனே வரும் பயம்: இனத்தை எடுத்துவிட்டால் தமிழ் போய்விடுமே. போகாது. தமிழ் அதிகாரத்துவ மொழி என்பது அரசியல் சட்டம் 153ஏ பிரிவில் இருக்கிறது, உங்கள் அட்டையில் இல்லை. சிண்டாவுக்குத் தர விரும்புகிறவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், நான் தருவேன். கணக்கெடுப்பில் இனத்தைக் கேட்கட்டும், அவரவர் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். ஒதுக்கீடு இருந்தே தீர வேண்டுமென்றால் வாங்குவதை மட்டும் கட்டுப்படுத்தி, அதனால் விற்பவருக்கு விழும் நட்டத்தை அரசே ஏற்கட்டும். இதற்கு மேல் நான் கேட்கவில்லை.