பால் குடித்த பிள்ளைக்கு எப்படிப் பசிக்கும்?

"சோறுதான் தின்ன மாட்டேங்குது, சரி, பாலையாவது குடிக்கட்டும்." ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கவலையாகிவிட்டது. காலையில் ஒரு புட்டி, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, தூங்கவைக்க ஒன்று. ஒரு லிட்டரைத் தொட்டுவிடும். அப்புறம் சோறு எங்கே இறங்கும்?

பால் கெட்டது என்று சொல்ல வரவில்லை. நல்ல புரதமும் சுண்ணாம்புச்சத்தும் அதில் இருக்கின்றன. ஆனால் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லலாம். ஒரு லிட்டர் குடித்தாலும் 1 மில்லிகிராம் தேறாது. அந்த வயதுக்கு நாளுக்கு ஏழெட்டு மில்லிகிராமாவது வேண்டும். போதாததற்கு, பாலின் சுண்ணாம்புச்சத்து மற்ற உணவில் உள்ள இரும்பையும் சரியாகச் சேரவிடாது. ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் கொடுத்தால் இன்னும் மோசம், கண்ணுக்குத் தெரியாமல் குடலில் ரத்தம் கசியலாம்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் குழந்தை. கொழுகொழுவென்று இருப்பாள், பார்ப்பவர்கள் எல்லாம் அவள் அம்மாவைப் பாராட்டுவார்கள். சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்ன ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். அவர் கீழ் இமையை லேசாக இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்துக் கிடந்தது. இரும்புச்சத்து இல்லாமல் வந்த ரத்தசோகை, ஹீமோகுளோபின் 7. அந்த வயதில் 11-க்குக் குறையக் கூடாது. முக்கி அழுதுகொண்டே மலம் கழித்ததற்கும் பால் மட்டுமே குடித்து வளர்ந்தது ஒரு காரணம் என்றார்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. எல்லாமே பாலால் வந்ததில்லைதான். ஆனால் வீட்டில் நம் கையால் இன்றைக்கே மாற்றக்கூடிய காரணம் இது.

ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள், அதுவும் டம்ளரில், சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம். புட்டியை வாயில் வைத்தபடி தூங்கினால் முன்பற்கள் சொத்தையாகிவிடும். முட்டை, ஈரல், பருப்பு, கீரை கொடுங்கள். கூடவே கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஒட்டும். பால் குறைகிறதே என்று பயந்தால் கேழ்வரகுக் கூழ் இருக்கிறது, சுண்ணாம்புச்சத்து அதில் ஏராளம். நாலைந்து நாள் அழுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை கொடுக்க அரசே இரும்புச்சத்து மருந்து தருகிறது. அங்கன்வாடியில் கேளுங்கள். அதைப் பாலில் மட்டும் கலந்துவிடாதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பதற வேண்டாம், மருந்தில் உள்ள இரும்பால் அப்படித்தான் போகும்.