வெயில் காட்டியது போதும், துணியைப் பாருங்கள்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எங்கள் கரையில் பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் கண்டால் முதல் வைத்தியம் காலை இளவெயில். அப்புறம் தாய்க்குக் கீழாநெல்லி. இரண்டாம் மூன்றாம் நாளில் வருகிற சாதாரண மஞ்சள் எப்படியும் தானாக வடிந்துவிடும். பேர் மட்டும் வெயிலுக்குப் போகிறது.

சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டு வாரம் தாண்டியும் கண் மஞ்சளாகவே இருக்கிற பிள்ளையை, "தாய்ப்பால் மஞ்சள்தான், போயிரும்" என்று ரத்தம் பார்க்காமல் அனுப்புகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பல நேரம் அதுதான் காரணம். ஆனால் பார்த்துவிட்டல்லவா சொல்ல வேண்டும்? ரத்தத்தில் இருக்கிற மஞ்சள் நிறமிதான் பிலிருபின். மொத்த பிலிருபினோடு விடாதீர்கள், அதில் ஈரல் பக்குவப்படுத்திய பங்கான டைரக்ட் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அது ஏறியிருந்தால் கோளாறு ஈரலிலோ பித்தக்குழாயிலோ இருக்கலாம். வெயிலுக்கு அங்கே வேலை இல்லை.

பச்சைப்பிள்ளையின் மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விடக்கூடாது. மலம் கடுகு மஞ்சளாக, பச்சையாக இருந்தால் பயமில்லை. சுண்ணாம்பு மாதிரி, சாம்பல் மாதிரி வெளுத்திருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். பழைய சேலைத்துணியை அலசிய அப்பத்தாக்கள் கண்ணில் இது தப்பாது. நாம் பாம்பர்ஸைச் சுருட்டி எறிந்துவிடுகிறோம்.

பித்தக்குழாய் அடைப்புக்கு ஜப்பானிய மருத்துவர் கசாய் பெயரிலேயே ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது. பிறந்த 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். "நாற்பது கழியட்டும்" என்று உட்கார்ந்தால் மிச்சம் 20 நாள். அதற்குள் மதுரைக்கு ஓடி, ஸ்கேன் எடுத்து, தேதி வாங்க வேண்டும். தைவானில் 2004 முதல் நாடு முழுக்க, பிள்ளையின் மலத்தை ஒப்பிட்டுப் பார்க்க மலநிற அட்டை கொடுக்கிறார்கள். ஓர் அச்சடித்த அட்டை, அவ்வளவுதான். இங்கே டிஸ்சார்ஜ் காகிதத்தோடு அதைச் சேர்க்க என்ன தடை?

எல்லாமே குழாய் அடைப்பும் அல்ல. கர்ப்பத்தில் தாய்க்கு வந்த சைட்டோமெகலோ வைரஸ், ருபெல்லா, டாக்சோபிளாஸ்மா, சிபிலிஸ் என்று எந்தத் தொற்றும் பிள்ளையின் ஈரலைத் தாக்கலாம். தாய்க்கே தெரியாமல் வந்துபோயிருக்கும். வீட்டிலோ "அப்படி என்னத்தைத் தின்னா?" என்று விசாரணை நடக்கும். வெட்கக்கேடு. அவளைக் குடைவதற்குப் பதில் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். சிபிலிஸை அப்போதே பிடித்தால் பென்சிலின் ஊசி இருக்கிறது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் வேறு விதம்: பிறந்த பிள்ளையிடம் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் பிரசவத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு நிலைத்துவிடும். அதற்கான முதல் தடுப்பூசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

நர்சம்மா வீட்டுக்கு வந்தால் எடையோடு மலத்தின் நிறத்தையும் கேட்கட்டும். சந்தேகமாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் வாயால் சொல்வதைவிட அது தெளிவு.