மெடிக்கல் எய்ட் சண்டையை விடுங்கள், மானியத்தைப் பாருங்கள்

2024 மே மாதம் தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசா என்.எச்.ஐ. (தேசிய சுகாதாரக் காப்பீடு) சட்டத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே புலம்பல்: "நம்ம மெடிக்கல் எய்ட் போயிடுமா?" நாட்டில் மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஆறில் ஒருவர்கூடத் தேற மாட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியை நம்பியிருக்கும் மற்றவர்களுக்கான பணம் மாகாணங்களுக்கு எப்படிப் பிரிகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் வயிற்றெரிச்சல்.

மாகாணங்களுக்குச் சொந்த வருமானம் சொற்பம். வண்டி லைசன்ஸ், சூதாட்ட வரி என்று கொஞ்சம் வரும். மற்றபடி மத்திய அரசு கொடுப்பதுதான். அதைப் பங்குபோடும் சூத்திரத்தில் கல்விக்கு 48 சதவீதம், சுகாதாரத்துக்கு 27. மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் எத்தனை பேர், ஆஸ்பத்திரிகளில் எவ்வளவு கூட்டம் என்றெல்லாம் பார்த்துத்தான் அந்த 27 பிரிகிறது. பணம் கைக்கு வந்தபின் எதற்கு எவ்வளவு என்பது மாகாணத்தின் முடிவு. சரி, இதைக்கூட நியாயம் என்று ஒப்புக்கொள்ளலாம்.

கோளாறு இன்னொரு உண்டியலில் இருக்கிறது. புற்றுநோய், இதய அறுவை போன்ற உயர் சிகிச்சைக்குத் தனி மானியம் உண்டு. 2022 கணக்கெடுப்பில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் மக்கள்தொகை 1.24 கோடி, வெஸ்டர்ன் கேப் 74 லட்சம். ஆனாலும் இந்த மானியத்தில் அவர்களுக்குத்தான் நம்மைவிட அதிகம். காரணம், க்ரூட் ஸ்கூர், டைகர்பெர்க் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகள் அங்கே இருக்கின்றன. நிறவெறி ஆட்சி எங்கே கட்டிவைத்ததோ அங்கேயே பணம் இன்றும் போகிறது. வெளிமாகாண நோயாளிகளும் அங்கே வருகிறார்கள் என்பார்கள். நம் டர்பனின் ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரிக்கு ஈஸ்டர்ன் கேப்பிலிருந்து வருகிறவர்கள் மட்டும் யாராம்?

இதன் விளைவைப் பார்த்தாயிற்று. 2017 வாக்கில் டர்பன் அரசு ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய் மருத்துவர்களும் போதவில்லை, கதிர்வீச்சு இயந்திரங்களும் சரியாக ஓடவில்லை. அந்த ஆண்டு மனித உரிமை ஆணையமே நோயாளிகளின் உரிமை மீறப்பட்டது என்று அறிக்கை கொடுத்தது. மாகாண நிர்வாகம் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை, அதுவும் ஒரு கூத்துதான்.

என் அத்தை ஸ்கேனுக்காக ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். விடியுமுன்பே மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க் சகிதம் வரிசையில். பத்து மணி வாக்கில் ஃபைல் கிடைத்தது. அப்புறம் நர்ஸ் வந்து, "கோகோ (ஜூலு மொழியில் பாட்டி), மெஷின் ரிப்பேர், அடுத்த மாசம் வாங்க" என்றார். அத்தை நாற்காலியை மடக்கிக்கொண்டு டாக்ஸி பிடிக்கப் போனார்.

என்.எச்.ஐ. இதைச் சரிசெய்யுமா? சட்டப்படி, தரச் சான்று பெற்று அங்கீகாரம் வாங்கிய இடங்களுக்குத்தான் நிதி. மெஷின் ஓடாத ஆஸ்பத்திரிக்குச் சான்று எப்படிக் கிடைக்கும்? சான்று இல்லை என்றால் பணம் இல்லை, பணம் இல்லை என்றால் மெஷினும் இல்லை. ஏற்கனவே நன்றாக இருக்கிற இடங்கள்தான் முதலில் வாங்கிக்கொள்ளும். அதனால் உயர் சிகிச்சை மானியத்தை முதலில் தலைக்கணக்கில் பிரித்து, பின்தங்கிய மாகாணங்களின் ஆஸ்பத்திரிகளைத் தூக்கி நிறுத்தட்டும். சான்றுக்கு ஆய்வாளர்கள் அதற்குப் பிறகு வரட்டும்.